உஷார்! ஓடிபி சொல்லும் முன் ஒரு நிமிடம்

பிள்ளைகளே, பெற்றோரே, கொஞ்சம் நில்லுங்கள். "கிரீன் ஐடி வேலை! 45 நாள் பயிற்சி! வேலைக்கு உத்தரவாதம்!" என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஏதாவது வந்திருக்கிறதா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த வீட்டில் நடந்தது இது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த பெண். அப்பாவுக்கு விசைத்தறியில் கூலி வேலை. "முன்பணமே வேண்டாம்மா, மாசாமாசம் கட்டினால் போதும்" என்று பயிற்சி நிலையத்தில் தேனாகப் பேசியிருக்கிறார்கள். ஆதாரையும் பான் கார்டையும் படம் எடுத்தார்கள். போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டார்கள். சொல்லிவிட்டாள்.

அது கட்டணத் தவணை இல்லை. அவள் பெயரில் எடுத்த கடன்!

மொத்தப் பணமும் அன்றைக்கே நிலையத்தின் கணக்குக்குப் போய்விட்டது. கிரீன் ஐடி என்றால் கணினித் துறையில் மின்சாரத்தையும் கார்பனையும் குறைக்கும் வேலை. ஆனால் வகுப்பில் நடந்தது என்ன? மரம் நடுவோம், காகிதத்தை மிச்சம் பிடிப்போம் என்று படம் காட்டினார்கள். மூன்றாவது வாரத்தோடு வகுப்பு நின்றது. பச்சை இலை போட்ட சான்றிதழ் மட்டும் மின்னஞ்சலில் வந்தது.

அதை நம்பி ஒரு டேட்டா சென்டர் நேர்காணலுக்குப் போனாள். "பியூஇ 1.6 என்றால் என்ன?" என்று கேட்டார்கள். வாயடைத்துப் போனாள். டேட்டா சென்டர் இழுக்கும் மொத்த மின்சாரத்தை, சர்வர் முதலான கருவிகளுக்குப் போகும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பியூஇ. 1.6 என்றால், கருவிகளுக்கு 1 யூனிட் போகும்போது ஏசி முதலான மற்றவற்றுக்கு இன்னும் 0.6 யூனிட் போகிறது என்று அர்த்தம். இந்தத் துறையின் அரிச்சுவடியே இதுதான். அதைக்கூட அவளுக்குச் சொல்லித் தரவில்லை, பாவிகள்.

சென்னைப் பக்கம் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் எழும்பி நிற்கின்றன. 2021இல் தமிழக அரசு இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. துறை நிஜமாகவே வளர்கிறது. அதனால்தான் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

எதைக் கண்டால் எழுந்து வந்துவிட வேண்டும், சொல்கிறேன்.

"அரசு பதிவு பெற்ற நிறுவனம்" என்று உத்யம் சான்றிதழைக் காட்டுவார்கள். மயங்காதீர்கள்! இலவசமாக, சுய அறிவிப்பில் எந்தச் சிறு தொழிலும் பெறக்கூடிய பதிவு அது. பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"ஐஎஸ்ஓ எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது" என்பார்கள். ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதே இல்லை. அது தரநிலையை எழுதுவதோடு சரி. பசுமை மென்பொருளுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது: ஐஎஸ்ஓ/ஐஇசி 21031, 2024இல் வந்தது. ஒரு மென்பொருள் ஓடுவதால் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று கணக்கிடும் முறை. "இதைப் பாடத்தில் நடத்துவீர்களா, சார்?" என்று கேட்டுப் பாருங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

"45 நாளில் எனர்ஜி ஆடிட்டர்!" பச்சைப் பொய். சான்று பெற்ற எனர்ஜி ஆடிட்டர் ஆவதற்கு, மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் நடத்தும் தேசியத் தேர்வில் நான்கு தாள்கள் தேற வேண்டும். பொறியியல் பட்டதாரிக்கே மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். கூரையில் சோலார் தகடு பொருத்தும் 'சூர்யமித்ரா' பயிற்சியே 600 மணி நேரம். யோசித்துப் பாருங்கள்.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "இந்தப் படிப்பின் தகுதிக் குறியீடு என்ன?" அரசு ஒப்புதல் பெற்ற திறன் படிப்பு ஒவ்வொன்றுக்கும் தேசியத் தகுதிப் பதிவேட்டில் ஒரு குறியீடு உண்டு. இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பசுமை வேலைகளுக்கென்று 2015இல் தொடங்கிய தனித் திறன் கவுன்சிலும் இருக்கிறது. குறியீடு தராவிட்டால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பணம் கட்டாமலே தொடங்க வழியும் இருக்கிறது: லினக்ஸ் ஃபவுண்டேஷன் பசுமை மென்பொருளுக்கு அடிப்படைப் பாடத்தை இலவசமாகவே தருகிறது. முதலில் அதைப் படித்துவிட்டு, பிறகு மற்றதை யோசியுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள், சிபில் என்ற கடன் மதிப்பெண் சரியும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால்கூட இடிக்கும். கடன் தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆன்லைன் பண மோசடி என்றால் உடனே 1930 எண்ணுக்கு போன் போடுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்!

அம்மாக்களே, இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது பிள்ளையிடம் மெதுவாகக் கேளுங்கள், "எங்கேயாவது ஓடிபி சொன்னியாடா?" என்று. சொல்லியிருந்தால் திட்டாதீர்கள். அந்தப் பெண் திட்டுக்குப் பயந்து வீட்டில் மூச்சுவிடவில்லை. கம்மலை அடகு வைத்து மூன்று தவணை கட்டியிருக்கிறாள். வெறும் காதைப் பார்த்துத்தான் அவள் அம்மாவுக்கே விஷயம் தெரிந்தது.