உங்களுக்குத் தெரியுமா?

வைரஸால் வராத பாலுறவுத் தொற்றுகளுள் உலகில் மிக அதிகமாகப் பரவியிருப்பது, ஜனங்களில் பெரும்பாலோர் பெயரைக்கூடக் கேட்டிராத ட்ரைக்கோமோனியாசிஸ் என்பதே. 2020இல் மட்டும், 15 முதல் 49 வயது வரையுள்ளோரிடையே புதிதாக ஏறத்தாழ 15.6 கோடித் தொற்றுகள் நேர்ந்தன என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு.

• ஓரணு ஜீவியான இதன் கிருமி புகுந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு யாதோர் அறிகுறியும் தோன்றுவதில்லை.

• வாலிபப் பருவத்தினரையே பெரிதும் பீடிக்கும் கிளமிடியா என்னும் மற்றொரு பாலுறவுத் தொற்றைப் போலன்றி, இது நாற்பதைக் கடந்த ஸ்திரீகளையும் விட்டுவைப்பதில்லை. கணவன் ஒருவனையே அறிந்த மனைவிக்கும், அவனுக்குப் பிற உறவுகள் இருப்பின், இது வந்து சேரும் என்பதே மிகவும் வேதனைக்குரியது.

• இது எச்.ஐ.வி. தொற்றும் அபாயத்தைக் கூட்டுகிறது.

• மெட்ரோனிடசோல் மாத்திரையால் குணமாகும். ஆனால் துணைவருக்கும் சிகிச்சை அளிக்காவிடில் மீண்டும் தொற்றும். ஆதலால், கூச்சத்தை விடுத்து இருவரும் சேர்ந்தே வைத்தியரிடம் செல்லுங்கள்.