கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்... ஃபைல் மட்டும் ஏன் ஆமை வேகத்தில் நகர்கிறது?

முகூர்த்த சீசன் வந்துவிட்டால் பத்திரிகை அச்சிடும் கடைகளில் மூச்சுவிட நேரமிருக்காது. லேப்டாப்பும் விண்டோஸும் புதிதாக வாங்கியிருப்பார்கள். ஆனால், பல வருடங்களாகச் சேர்த்து வைத்த பத்திரிகை மாதிரிகள் இருப்பதோ பழைய பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகளில். 2001-ல் வெளியான பேஜ்மேக்கர் 7.0-தான் அந்த வரிசையின் கடைசிப் பெரிய பதிப்பு. புது கம்ப்யூட்டரில் அது மக்கர் செய்யும்போது கைகொடுப்பதுதான் 'விர்ச்சுவல் மெஷின்'.

அச்சகங்களில் மட்டுமல்ல... விண்டோஸ் லேப்டாப்பில் லினக்ஸ் கற்கும் இன்ஜினீயரிங் மாணவர்கள், பழைய கணக்கு சாஃப்ட்வேரை விட முடியாத கடைக்காரர்கள் எனப் பலருக்கும் இது தேவைப்படுகிறது. எல்லோருக்கும் வரும் புகாரும் ஒன்றுதான். "எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஃபைலை இங்கிருந்து அங்கே மாற்றினால் மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது!"

வீட்டுக்குள் ஒரு வீடு

விர்ச்சுவல் மெஷின் என்பது, உங்கள் கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராலேயே உருவாக்கப்பட்ட இன்னொரு கம்ப்யூட்டர். விர்ச்சுவல்பாக்ஸ், வி.எம்.வேர், ஹைப்பர்-வி போன்றவை இதை உருவாக்கித் தருகின்றன. நிஜ கம்ப்யூட்டரை 'ஹோஸ்ட்' என்றும், உள்ளே ஓடுவதை 'கெஸ்ட்' என்றும் சொல்வார்கள். ஒரே வீட்டில் சொந்தக்காரரும் வாடகைக்காரரும் தனித்தனிப் பூட்டோடு இருப்பதுபோல. நடுவே சுவர் இருப்பதால்தான், உள்ளே என்ன குளறுபடி நடந்தாலும் வெளியே தப்பிக்கிறது.

இரண்டு பக்கமும் பார்க்கும்படி வைக்கும் 'ஷேர்டு ஃபோல்டர்'தான் அந்தச் சுவரில் உள்ள கதவு. ஒவ்வொரு ஃபைலும் கதவைத் தாண்டும்போது, 'பெயர் என்ன, அளவு என்ன, அனுமதி உண்டா' என்று கேள்வி பதில் நடக்கும். ஒரு ஜி.பி. சினிமா ஃபைலுக்கு இந்த விசாரணை ஆரம்பத்தில் கொஞ்சம்தான். பிறகு பெரிய பெரிய துண்டுகளாகப் போய்விடும். ஆனால், பத்தாயிரம் குட்டி ஃபைல்கள் என்றால் பத்தாயிரம் முறை விசாரணை! ஒரு ஃபைலுக்கு 0.02 விநாடி கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, விசாரணைக்கே 200 விநாடிகள் போய்விடும். உங்கள் ஹார்டு டிஸ்க் எவ்வளவு வேகமானது என்றாலும் இந்த நேரம் குறையாது.

முதலில் ஒரு டெஸ்ட்

செட்டிங்ஸை மாற்றும் முன், கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள். மொபைலில் ஸ்டாப்வாட்ச் போதும்.

* ஒரு ஜி.பி. அளவுள்ள ஒரே ஃபைலைக் காப்பி செய்து பாருங்கள்.
* பிறகு, ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் கொண்ட ஃபோல்டரைக் காப்பி செய்யுங்கள்.
* கடைசியாக, கெஸ்ட்டுக்கு உள்ளேயே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் காப்பி செய்யுங்கள்.

பெரிய ஃபைல் வேகமாகவும், சின்ன ஃபைல்கள் மெதுவாகவும் போனால் கதவு விசாரணைதான் காரணம். இரண்டும் மெதுவாகப் போனால் டிரைவரிலோ செட்டிங்ஸிலோ சிக்கல். கெஸ்ட்டுக்கு உள்ளேயே மெதுவாக இருந்தால், ஷேர்டு ஃபோல்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ரேம் போதாமல் அந்த விர்ச்சுவல் மெஷினே திணறிக்கொண்டிருக்கலாம்.

சரி செய்யும் வழிகள்

1. மூட்டை கட்டுங்கள்: வீடு மாறும்போது டம்ளரை ஒவ்வொன்றாகவா லாரியில் ஏற்றுகிறோம்? சின்ன ஃபைல்களை ஒரே ஜிப் ஃபைலாக்கி அனுப்பிவிட்டு, கெஸ்ட்டின் சொந்த டிஸ்க்கில் வைத்துப் பிரியுங்கள். ஷேர்டு ஃபோல்டரிலேயே பிரித்தால் பலன் போய்விடும். போட்டோ, வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை இன்னும் சுருக்க முயல வேண்டாம். ஜிப் செய்யும்போது 'ஸ்டோர்' முறையைத் தேர்ந்தெடுத்தால் நேரம் மிச்சம்.

2. வேலையை உள்ளேயே செய்யுங்கள்: ஷேர்டு ஃபோல்டரில் உள்ள ஃபைலை அங்கேயே திறந்து எடிட் செய்வது, புரோகிராமை அங்கிருந்தே ஓடவிடுவது எல்லாம் வேகத்தைக் கெடுக்கும். கெஸ்ட்டுக்குள் காப்பி செய்து, வேலை முடிந்ததும் வெளியே அனுப்புங்கள். விண்டோஸில் 'டபிள்யூ.எஸ்.எல். 2' வழியாக லினக்ஸ் பயன்படுத்தும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். லினக்ஸில் செய்யும் வேலைக்கான ஃபைல்களை லினக்ஸ் பக்கமே வையுங்கள் என்பதுதான் மைக்ரோசாஃப்ட்டின் ஆலோசனையும்.

3. துணை சாஃப்ட்வேரை அப்டேட் செய்யுங்கள்: விர்ச்சுவல்பாக்ஸுக்கு 'கெஸ்ட் அடிஷன்ஸ்', வி.எம்.வேருக்கு 'டூல்ஸ்' என்று துணை சாஃப்ட்வேர்கள் உண்டு. வெளியே விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்துவிட்டு உள்ளே கெஸ்ட் அடிஷன்ஸைப் பழையதாகவே விட்டுவிடுவது பலரும் செய்வது. 'டிவைசஸ்' மெனுவில் 'இன்செர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்' என்பதை அழுத்தி, உள்ளே புதிதாக இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

4. ஆமை தெரிகிறதா பாருங்கள்: விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடும்போது கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமை படம் தெரியலாம். கிண்டல் இல்லை, நிஜம்! பிராசஸரின் விர்ச்சுவல் மெஷின் வசதியை விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறி ஓடுகிறது என்பதற்கான அடையாளம் அது. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பகுதியில் ஹைப்பர்-வி, 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்' ஆகியவற்றை நிறுத்தினால் ஆமை போகக்கூடும். ஆனால், டபிள்யூ.எஸ்.எல். 2 போன்றவையும் அதோடு நின்றுவிடும். அவை தேவையில்லாதவர்கள் மட்டும் இதைச் செய்யலாம். 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதியாலும் ஆமை வரலாம். வேகத்துக்காக அதை அணைப்பது நல்லதல்ல.

5. பாதையை மாற்றுங்கள்: இரண்டு பக்கமும் புதிய விண்டோஸ் அல்லது லினக்ஸ் என்றால், ஷேர்டு ஃபோல்டருக்குப் பதில் நெட்வொர்க் வழியாகப் பகிரலாம். விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் இரண்டாவது நெட்வொர்க் அடாப்டரை 'ஹோஸ்ட்-ஒன்லி' என்று வையுங்கள். இது வெளி இன்டர்நெட்டுக்குப் போகாத உள்வழிப் பாதை. இதில் ஹோஸ்ட்டின் முகவரி வழக்கமாக 192.168.56.1. ஹோஸ்ட்டில் ஒரு ஃபோல்டரை விண்டோஸ் ஷேரிங் மூலம் பகிர்ந்து, கெஸ்ட்டிலிருந்து இந்த முகவரியில் திறந்தால், சின்ன ஃபைல்களில் நல்ல வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு. மீண்டும் அதே ஸ்டாப்வாட்ச் டெஸ்ட்டைச் செய்து, எது வேகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

6. பென் டிரைவ் பிரியர்கள் கவனத்துக்கு: விர்ச்சுவல் மெஷினின் யு.எஸ்.பி. செட்டிங் 1.1-ல் இருந்தால், அதன் உச்ச வேகமே விநாடிக்கு 12 மெகாபிட், அதாவது சுமார் 1.5 எம்.பி. ஒரு ஜி.பி. நகரவே 11 நிமிடங்களுக்கு மேல் ஆகும். கெஸ்ட் ஏற்றுக்கொண்டால் 2.0 அல்லது 3.0-க்கு மாற்றுங்கள்.

வேகத்துக்காகச் சுவரை இடிக்காதீர்கள்

வேகம் கிடைக்கவேண்டும் என்ற அவசரத்தில் பலர் முதலில் அணைப்பது ஆன்டிவைரஸை. அது வேண்டாம். தேவைப்பட்டால், விர்ச்சுவல் டிஸ்க் ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் ஹோஸ்ட்டின் ஆன்டிவைரஸில் விலக்கு கொடுங்கள். ஷேர்டு ஃபோல்டருக்கு அந்த விலக்கு கூடவே கூடாது. சுவரைத் தாண்டி வைரஸ் வரக்கூடிய கதவே அதுதான்.

முழு 'சி' டிரைவையும் ஷேர் செய்வதும் ஆபத்து. ஷேர்டு ஃபோல்டரில் இருப்பவை ஹோஸ்ட்டின் நிஜ ஃபைல்கள். உள்ளே ஒரு ரான்சம்வேர் புகுந்தால், அவற்றையும் பூட்டிவிடும். இதற்கென ஒரு தனி ஃபோல்டரை வைத்து, படிக்க மட்டும் போதுமென்றால் 'ரீட்-ஒன்லி' என டிக் செய்யுங்கள். முக்கியமான ஃபைல்களின் நகலை வேறொரு டிஸ்க்கில் வையுங்கள்.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்துவிட்டது. நெட்வொர்க்கில் ஃபைல் பகிர அதற்குத் தெரிந்தது 'எஸ்.எம்.பி. 1' என்ற பழைய முறை மட்டுமே. 2017 மே மாதம் உலகையே கலங்கடித்த 'வான்னாக்ரை' ரான்சம்வேர் பரவியது, அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். எனவே, எக்ஸ்பி-க்காக உங்கள் புது விண்டோஸில் எஸ்.எம்.பி. 1-ஐ இயக்காதீர்கள். ஐந்தாவது வழி இவர்களுக்கு இல்லை. எக்ஸ்பி-யின் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஷேர்டு ஃபோல்டரும் ஜிப்புமாக வேலை செய்வதே பாதுகாப்பு. சில நிமிடங்கள் கூடுதலாகலாம். பல வருட உழைப்பு பத்திரமாக இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. ஒரு மாற்றம், ஒரு டெஸ்ட் என்று போங்கள். முதல் இரண்டு வழிகளுக்கு எந்த செட்டிங்ஸையும் தொட வேண்டியதில்லை. அங்கிருந்தே ஆரம்பியுங்கள்!