ஒரு பீப்பாய் நன்னீர்

கல்வராயன் மலையடிவாரத்தில் வாழும் நமக்குக் கடல் தொலைவில் உள்ளது. படகு என்றால், கரியாலூரில் சுற்றுலா வருவோர் ஏறும் சிறு படகே நம் பிள்ளைகளின் நினைவுக்கு வரும். ஆயினும் அம்மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுக்தாவோடு கலந்து, வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. கள்ளக்குறிச்சியும் கடலூர்க் கரையும் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம் என்னும் ஒரே குடும்பமன்றோ? அக்கரைச் சகோதரரின் உயிர் எதை நம்பியிருக்கிறது என்பதை நாமும் அறிவது நலம்.

அன்று துடுப்பையும் பாயையும் நம்பினர். இன்று எஞ்சினை நம்புகின்றனர். படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் எஞ்சினுக்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் என்பவர், 1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ் பெற்றார். நம் தென்கோடிக் கரைகளில் கட்டுமரங்களும் வள்ளங்களும் 1980-களில் இதைப் பெருவாரியாக ஏற்றன. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, இம்மோட்டார்களைப் பழுதுபார்க்கும் பணியையும் மேற்கொண்டது. கடலூர்ப் பக்கத்துப் படகுகள் பலவற்றில் நீண்ட தண்டுடைய டீசல் எஞ்சினைக் காணலாம்.

நடுக்கடலில் மோட்டார் நின்றால் இறங்கித் தள்ள இயலாது. காற்று இழுத்த திசையில் படகு செல்லும். கரையில் ஒரு குடும்பம் விழித்திருக்கும். ஆகவே பராமரிப்பு என்பது இங்கே பணத்தை மட்டும் காப்பதன்று, உயிரையே காப்பதாகும்.

மோட்டாரின் முதற்பகைவன் உப்பு. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரே உள்ளே ஏறி இறங்குகிறது. அது உலர்ந்தால் உப்புப் படிந்து நீர்வழியை அடைத்துவிடும். எனவே கரை சேர்ந்ததும், வாயகன்ற பீப்பாயில் நன்னீர் நிரப்பி, மோட்டாரின் கீழ்ப்பகுதியை அதனுள் இறக்கி, கியர் போடாமல் மெதுவாகச் சில நிமிடங்கள் ஓட்டவேண்டும். நீரின்றி ஒருபோதும் ஓட்டலாகாது. உள்ளிருக்கும் ரப்பர்ச் சக்கரம் நொடிகளில் தேய்ந்துவிடும்.

ஓடும்போது மோட்டாரின் பக்கத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீறிட வேண்டும். அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துக. நீர்வாயிலில் பிளாஸ்டிக் பையோ பாசியோ அடைத்திருக்கலாம். அன்றேல் அந்த ரப்பர்ச் சக்கரம் பழுதாகியிருக்கலாம்.

கயிற்றை இழுத்தும் எஞ்சின் கிளம்பவில்லையா? பதறவேண்டாம்; வரிசையாகப் பார்க்கவேண்டும். முதலில், கைமணிக்கட்டில் கட்டும் பாதுகாப்புக் கயிற்றின் கொளுவி அதன் இடத்தில் உள்ளதா? அடுத்து, எரிபொருள் தொட்டியின் காற்றுத் துளை திறந்துள்ளதா? குழாய் மடங்கியுள்ளதா? வடிகட்டியில் நீர் தேங்கியுள்ளதா? பின்பு பிளக்கைக் கழற்றுக. அது காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் மிகுந்துவிட்டது, அல்லது பொறி எழவில்லை. துடைத்து மாட்டலாம், மாற்றுப் பிளக் ஒன்று எப்போதும் படகில் இருக்கட்டும்.

டூ ஸ்ட்ரோக் வகைக்கு எரிபொருளோடு எண்ணெய் கலக்கவேண்டும். அளவு கைக்கணக்கன்று; கையேட்டின் கணக்கு. குறைந்தால் பிஸ்டன் இறுகும். மிகுந்தால் பிளக் கரியேறும். நம் வயல்களில் மருந்தடிக்கும் விசைத்தெளிப்பான்களிலும் இவ்வகை எஞ்சின் உண்டு. உழவருக்கும் இப்பாடம் பொருந்தும். மண்ணெண்ணெயில் ஓட்டுவோர் நிறுத்துமுன் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டினால், அடுத்த முறை எளிதில் கிளம்பும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது, மெக்கானிக்கிடம் காட்டுக.

படகு கவிழ்ந்து மோட்டார் கடலில் மூழ்கினால், எடுத்தவுடன் ஓட்டிப் பார்க்கலாகாது. நன்னீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்து உள்நீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, அன்றே மெக்கானிக்கிடம் சேர்க்கவேண்டும்.

இவை யாவும் சிறு வேலைகள். நாள்தோறும் கழுவாத உப்பு, ஒருநாள் நடுக்கடலில் கணக்குத் தீர்க்கிறது. மனித உள்ளமும் அவ்வாறே. ஆண்டுக்கொருமுறை பெருநாளில் மட்டும் பாவசங்கீர்த்தனம் செய்வோரும், இரவுதோறும் சிறிது நேரம் மனச்சோதனை செய்வோரும் கரை சேர்ந்ததும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் விதத்திலேயே வேறுபடுகின்றனர். படகில் ஏறி இராயப்பரோடு பயணம் செய்த ஆண்டவர், அதைக் கழுவும் பொறுப்பை நம்மிடமே விட்டிருக்கிறார். அடுத்தமுறை கோமுகி நீர் கடல்நோக்கி ஓடக் காணும்போது, அக்கரையினருக்காக ஒரு செபம் சொல்வோம்.