திகில் காதின் வழியே வருகிறது

கடந்த மாதம் படிவம் 4 வகுப்பில் ஒரு சிறு சோதனை செய்தேன். 1979இல் வெளிவந்த 'ஏலியன்' படத்தின் முன்னோட்டத்தை, ஒலியை முற்றாக அடைத்துவிட்டுத் திரையிட்டேன். விண்வெளி இருள், ஒரு முட்டை, அதில் விழும் விரிசல், பிறகு ஓடும் மனிதர்கள். "டீச்சர், ஒரு முட்டைக்கா இவ்வளவு பயம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது.

அடுத்து, அதே முன்னோட்டத்தை ஒலியுடன் போட்டேன். சிரிப்பு அடங்கிவிட்டது. முன்வரிசை மாணவி ஒருத்தி இரு காதுகளையும் பொத்திக்கொண்டாள். கண்களைத் திறந்துதான் வைத்திருந்தாள். அடுத்து என்ன காட்சி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பயம் கூடியது. ஏன்?

கேமரா மறைப்பது

முன்னோட்டத்தின் வேலை கதையைச் சொல்வதன்று. கேள்வியை எழுப்பிவிட்டுப் பதிலைத் தராமல் இருப்பது. நம் மூளை எப்போதும் அடுத்த நொடியைக் கணித்துக்கொண்டே இருக்கும். கேமரா ஒரு முகத்தை மிக நெருங்கிக் காட்டும்போது, சுற்றிலும் இருப்பது சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. அந்த முகம் எதையோ பார்த்து மிரள்கிறது. எதை என்பது நமக்குத் தெரியாது. கணிக்க முடியாத மூளை, ஆபத்து இருப்பதாகவே எடுத்துக்கொண்டு உடலைத் தயார்ப்படுத்துகிறது. 'ஏலியன்' முன்னோட்டமும் முட்டையைக் காட்டுகிறது. அந்த விண்வெளி உயிரியை முழுமையாகக் காட்டுவதில்லை.

ஒலி செய்வது

அந்த முன்னோட்டத்தில் ஒரு வசனம்கூட இல்லை. அபாயச் சங்கு போன்ற ஓர் ஓலம் மட்டும் திரும்பத் திரும்ப எழுகிறது. விலங்குகள் உயிர்பயத்தில் அலறும்போது குரல்நாண்கள் அளவுக்கு மீறி அதிர்கின்றன. அதனால் ஒலி சீர்குலைந்து கரகரப்பாகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பிளம்ஸ்டைன், மார்மட் எனும் பெரிய நில அணில்களின் அலறலை ஆராய்ந்தவர். அவரும் அவருடைய குழுவினரும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களின் ஒலித்தடங்களைப் பகுத்தாய்ந்து 2010இல் கட்டுரை வெளியிட்டார்கள். திகில் படங்களில் இத்தகைய கரகரப்பான அலறல்கள் கூடுதலாக இருந்தன.

திடீர் ஓசைக்கு இன்னொரு வழியும் உண்டு. நிசப்தத்தை அடுத்துப் 'படார்' என்று ஒலி வந்தால், வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும் முன்பே கண் இமைத்துவிடும். இது அனிச்சைச் செயல். சிந்திப்பதற்கு அங்கே நேரமில்லை. அடுத்து, பாடநூலில் நீங்கள் படித்த அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது.

வெட்டும் வேகம்

நம் கண்கள் ஒரு வினாடியில் ஏறத்தாழ மூன்று இடங்களில்தான் நிலைகொள்ளும். திரைப்படமோ ஒரு வினாடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. முன்னோட்டத்தின் இறுதியில் 12 படங்களுக்கு ஒரு வெட்டு வந்தால், ஒவ்வொரு காட்சிக்கும் கிடைப்பது அரை வினாடி. ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பார்த்தது என்னவென்று தெரியாவிட்டாலும் பதற்றம் மட்டும் தங்கிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

இதுவரை பார்க்காத ஒரு முன்னோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, மணிக்கட்டு நாடித்துடிப்பை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஒலியில்லாமல் பாருங்கள், உடனே மீண்டும் எண்ணுங்கள். சற்று ஓய்வெடுத்து, ஒலியுடன் பார்த்து எண்ணுங்கள். நண்பர் ஒருவரை வரிசையை மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், வித்தியாசம் ஒலியால் வந்ததா, இரண்டாம் முறை பார்த்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது.

இது திரையரங்கோடு முடிகிற விஷயமன்று. சென்ற ஆண்டு எங்கள் குடும்பப் புலனக் குழுவுக்கு, பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றிய காணொளி ஒன்று வந்தது. வெள்ளை வேன், கருந்திரை, இதயத்துடிப்பு போன்ற ஓசை, நெருங்கி வரும் கேமரா. அதைப் பார்த்த என் அக்கா இரண்டு நாளாக மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. நான் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவருடைய கைப்பேசியை வாங்கி, ஒலியை அடைத்து, அதே காணொளியை மீண்டும் போட்டுக் கொடுத்தேன்.

சாலையோரம் ஒரு வேன் நிற்கிறது. அதில் இருந்தது அவ்வளவுதான்.

அக்கா இன்னொரு முறை பார்த்தார். மறுநாள் காலை மகனைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். அடுத்த முறை ஒரு காணொளி உங்களைப் பதற வைத்தால், பிறருக்கு அனுப்பும் முன் ஒலியை அடைத்து ஒரு தடவை பாருங்கள்.