ஹார்ப்பில் ஒளிந்திருக்கும் ‘ஜிர்ர்’

47 நரம்புகள், 7 மிதிகள், ஏறக்குறைய 36 கிலோ எடை. மேடையில் நிற்கும் பெடல் ஹார்ப்பின் பொன்வண்ண வேலைப்பாடுதான் நம் கண்ணில் முதலில் படும். வாசிப்பவரின் கவலை வேறு. நல்ல சுரத்தோடு ஒட்டிக்கொண்டு ‘ஜிர்ர்’ என்று ஓர் இரைச்சல் வந்துவிடக் கூடாதே!

வந்துவிட்டால், அது எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. ஒரு நரம்பை மீட்டினால் வேறு பலவும் கூடவே அதிரும். அதனால் அனுபவசாலிகள் முதலில் அறையைத்தான் சந்தேகிப்பார்கள். ஜன்னல் கண்ணாடி, இசைத்தாள் தாங்கியின் தளர்ந்த திருகு, அலமாரியில் இருக்கும் டம்ளர் எல்லாமே குறிப்பிட்ட ஒரு சுரத்துக்குச் சிலிர்க்கும். ஹார்ப்பை அடுத்த அறைக்கு நகர்த்தி வாசித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அங்கேயும் இரைந்தால் மிதிகளைப் பார்க்க வேண்டும். செபாஸ்தியன் எரார் 1810இல் லண்டனில் காப்புரிமை பெற்ற இரட்டை இயக்க முறைதான் இன்றும் அடிப்படை. ஒவ்வொரு மிதிக்கும் மூன்று படிகள். மேல்படியில் நரம்பை எதுவும் தொடாது. நடுப்படிக்கு இறக்கினால், கழுத்திலுள்ள மேல்வட்டு திரும்பித் தன் இரண்டு முளைகளால் நரம்பைக் கவ்வி, சுரத்தை அரைப்படி உயர்த்தும். கீழ்ப்படிக்குப் போனால் கீழ்வட்டும் கவ்வும். நடுப்படியில் மட்டும் இரைச்சல் வந்தால், மேல்வட்டின் பிடி தளர்ந்திருக்கலாம். மேல்படியிலேயே வந்தால், ஏதோ ஒரு முளை நரம்பை உரசுகிறதா என்று பார்ப்பார்கள். வட்டைச் சரிசெய்வது பழகிய கைக்கே உரிய வேலை. வீட்டில் ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல் இருப்பதே நல்லது.

மூன்று படியிலும் வந்தால்? பின்புறத் துளைக்குள் விளக்கடித்துப் பார்க்கலாம். நரம்புகள் ஒலிப்பலகையைத் துளைத்து உள்ளே போய் முடிச்சில் நிற்கின்றன. புது நரம்பு கட்டியவர் முடிச்சின் வாலை நீளமாக விட்டிருந்தால், அது பலகையில் பட்டுப் படபடக்கும். அந்த வாலை ஒட்ட நறுக்கினால் அமைதி.

நரம்பில் குற்றம் தேடுவது தமிழுக்குப் பழகிய கலை. நம் யாழும் ஹார்ப் குடும்பம்தான். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் வைத்த யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான்: ஒன்றின் மரம் நீரில் நின்றது, ஒன்று வாள் பட்டது, ஒன்று இடி விழுந்தது. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நரம்புக்கும் நான்கு குற்றங்களை முன்னோர் வகுத்திருந்தார்கள். எவ்வளவு கூர்மையான காது! இன்றும் ஹார்ப்பின் குடல் நரம்பில் நார் பிரிந்தால் நாதம் மங்கும். சீக்கிரம் அறுந்தும் போகும்.

ஈரப்பதம் ஏறி இறங்குவதும் நரம்புக்கு ஆகாது. காற்றில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் இருந்தால் நல்லது. ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் வேண்டாம். நரம்புகள் சேர்ந்து இழுக்கும் விசை ஒரு டன்னை நெருங்கும் என்பதால் ஒலிப்பலகை காலப்போக்கில் லேசாக வளைவது இயல்பே. உள்ளே பசை விட்டிருந்தால்தான் தொல்லை. விரல்முட்டியால் மெல்லத் தட்டினால் அந்த இடம் சலசலத்துக் காட்டிக்கொடுக்கும்.

மிதிகளில் சுற்றிய ஃபெல்ட் துணியையும் மறந்துவிடக் கூடாது. அது தேய்ந்தால் படி மாற்றும்போதெல்லாம் ‘டக்’ என்று மரம் இடிக்கும்; மெல்லிய இசை ஓடும்போது அது அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும். புதுத் துண்டு ஒன்றைச் சுற்றியதும் அடங்கிவிடும்.