மேடையேறினால் மட்டும் போதுமா?

1936-ம் ஆண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள நேஷனல் தியேட்டருக்கு ஓர் இசை நாடகக் குழு வந்தது. மேடையில் பாடி நடிக்கப்போகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர்கள். ஆனால், டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கக் கறுப்பினத்தவர்களுக்கு அந்த அரங்கில் இடமில்லை. அதுதான் அங்கே வழக்கம்.

கதாநாயகனாக நடித்த டாட் டங்கன், அதே நகரில் இருந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியர். தன் மாணவர்களும் மக்களும் நுழைய முடியாத அரங்கில் பாட முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். கதாநாயகி ஆன் பிரவுனும் மற்ற கலைஞர்களும் உடன் நின்றார்கள். குறிப்பிட்ட சில காட்சிகளுக்கு மட்டும் அனுமதிக்கிறோம் என்று நிர்வாகம் பேரம் பேசிப் பார்த்தது. டங்கன் இறங்கி வரவில்லை. கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது. அந்த நாடகம் நடந்த நாட்களில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பார்த்தார்கள். நாடகக் குழு ஊரைவிட்டுப் போனதும் பழைய வழக்கம் திரும்பிவிட்டது. கறுப்பினத்தவரை உள்ளே விடுவதைவிட நாடகம் போடுவதையே நிறுத்திவிடலாம் என்று 1948-ல் அந்த அரங்கம் சினிமா கொட்டகையாக மாறியது. 1952-ல்தான் எல்லோருக்குமான நாடக அரங்கமாக அது மீண்டும் திறந்தது.

அந்த நாடகத்தின் பெயர் ‘போர்கி அண்ட் பெஸ்’. 1935-ல் முதன்முதலில் மேடையேறியது. கிட்டத்தட்ட 90 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. இனியும் புதுப்பிக்கப்படும். ஆனால், இன்னும் சில ஆண்டுகளில் அதன்மீது இருக்கும் ஒரு முக்கியமான நிபந்தனை அமெரிக்காவில் காலாவதியாகப் போகிறது. அதற்குப் பிறகு அந்த மேடை யார் கையில் இருக்கும் என்பதே இப்போதைய கேள்வி.

அமெரிக்க நாடகம் ஒன்றைப் பற்றி இந்தப் பகுதியில் ஏன் பேச வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம், கறுப்பின மக்களின் ஹார்லெம் பகுதிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1946-ல் அவர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்டார். அவர்களுடைய அனுபவத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்பதை அவரே காட்டியிருக்கிறார்.

எழுதியது யார், பாடியது யார்?

கதை நடப்பது தெற்கு கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுக நகரத்தில். ‘கேட்ஃபிஷ் ரோ’ என்ற ஏழைக் கறுப்பினக் குடியிருப்பு. மீன் பிடிப்பவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களும் வாழும் இடம். கால் வழங்காத போர்கி, ஆடு இழுக்கும் சின்ன வண்டியில் சென்று யாசகம் கேட்டு வாழ்கிறான். கிரவுன் என்ற முரடனின் பிடியில் இருப்பவள் பெஸ். கிரவுன் ஒரு கொலையைச் செய்துவிட்டு ஓடிவிட, ஊரே பெஸ்ஸுக்குக் கதவடைக்கிறது. போர்கி மட்டும் கதவைத் திறக்கிறான். இருவருக்கும் இடையே அன்பு வளர்கிறது. கடைசியில் போதைப்பொருள் விற்பவன் ஒருவன் பெஸ்ஸை நியூயார்க்குக்கு அழைத்துப் போய்விடுகிறான். அவளைத் தேடிப் போர்கி வண்டியில் புறப்படுவதோடு நாடகம் முடிகிறது.

இதில் வரும் போலீஸ்காரர் போன்ற வெள்ளையர் பாத்திரங்களுக்குப் பாட்டே கிடையாது, பேச்சு மட்டும்தான். பாட்டு முழுவதும் கறுப்பினப் பாத்திரங்களுக்கே. ‘சம்மர்டைம்’ என்ற தாலாட்டு, உலகில் அதிகம் பேர் பாடிப் பதிவுசெய்த பாடல்களில் ஒன்று.

ஆனால், இதை உருவாக்கியவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் அல்லர். 1925-ல் நாவலாக எழுதியவர் சார்ல்ஸ்டனைச் சேர்ந்த வெள்ளையரான டுபோஸ் ஹேவர்டு. 1927-ல் அவரும் மனைவி டோரதியும் அதை நாடகமாக்கினார்கள். இசை அமைத்தவர் ஜார்ஜ் கெர்ஷ்வின். பாடல்களை ஹேவர்டும் ஜார்ஜின் அண்ணன் ஐராவும் எழுதினார்கள். கெர்ஷ்வின் சகோதரர்கள் ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். 1934 கோடையில் ஜார்ஜ், சார்ல்ஸ்டனுக்கு அருகே உள்ள ஃபாலி தீவில் தங்கி, ‘கல்லா’ என்று அழைக்கப்படும் கறுப்பின மக்களின் வழிபாட்டுப் பாடல்களையும் கைதட்டுத் தாளத்தையும் கேட்டார். அந்த இசையின் வாசனை நாடகம் முழுவதும் இருக்கிறது. ராயல்டியோ ஹேவர்டு, கெர்ஷ்வின் குடும்பங்களுக்கு.

ஒரு நிபந்தனையின் கதை

அந்தக் காலத்தில் வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவராக நடிப்பது சாதாரணம். அதில் பேர்போன அல் ஜால்சனும் போர்கி வேடத்தின்மீது கண் வைத்திருந்தார். கெர்ஷ்வின் அதற்கு இணங்கவில்லை. கறுப்பினப் பாடகர்கள்தான் பாட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1937-ல் 38 வயதில் அவர் இறந்த பிறகும், மேடையேற்ற அனுமதி கேட்டு வருபவர்களிடம் உரிமையாளர்கள் இந்த நிபந்தனையை வைத்து வருகிறார்கள்.

இந்த நிபந்தனை பலருக்குச் சோறு போட்டது என்பதை மறுக்க முடியாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் முதல் கறுப்பினத் தனிப்பாடகராக மரியன் ஆண்டர்சன் நுழைந்தது 1955-ல்தான். அதுவரை இசை படித்த கறுப்பினக் கலைஞர்களுக்குப் பெரிய மேடை என்றால் பெரும்பாலும் இதுதான். 1952-ல் பெஸ்ஸாகப் பாடிய லியோன்டைன் பிரைஸ், 1961-ல் மெட்ரோபாலிடன் அரங்கில் நுழைந்து உலகப் புகழ் பெற்றார்.

நிபந்தனை மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2018-ல் ஹங்கேரி தேசிய ஓபரா இதை வெள்ளையர் குழுவைக் கொண்டு மேடையேற்றியது. கதையை விமான நிலையத்தில் அகதிகள் தங்கியிருப்பதாக மாற்றிக்கொண்டார்கள். உரிமையாளர் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. 2019-ல் மீண்டும் மேடையேற்றியபோது, ஆப்பிரிக்க அமெரிக்க வேரும் உணர்வும் தங்கள் அடையாளத்தின் ஒரு பகுதி என்று பாடகர்களிடம் கையெழுத்து வாங்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அடையாளம் என்பது ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் பொருளா? பிறப்பினால் வரும் அவமானம் எதையும் சுமக்காமல், வேடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

வாசலும் அதுவே, சுவரும் அதுவே

ஆனால், இந்த நிபந்தனைக்கு இன்னொரு முகமும் உண்டு. போர்கியும் பெஸ்ஸும் பாட மட்டும் கறுப்பினப் பாடகர்களைத் தேடும் நிறுவனங்கள், மற்ற நாடகங்களுக்கு அவர்களை நினைப்பதில்லை என்ற மனக்குறை அந்தக் கலைஞர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. முதல் பெஸ் ஆன் பிரவுன், நிறவெறியைப் பொறுக்க முடியாமல் 1948-ல் நார்வேயில் குடியேறிவிட்டார். மெட்ரோபாலிடன் ஓபரா இந்த நாடகத்தை முதன்முதலாக மேடையேற்றியது 1985-ல். அதில் பெஸ்ஸாகப் பாடிய கிரேஸ் பம்ப்ரி, பெரும் தயக்கத்துக்குப் பிறகே அந்த வேடத்தை ஏற்றார்.

கதையைப் பற்றிய விமர்சனமும் பழையதுதான். சூதாட்டம், கத்திக்குத்து, போதை, மூடநம்பிக்கை. கறுப்பின வாழ்க்கை என்றாலே இவ்வளவுதானா? 1959-ல் திரைப்படமாக எடுத்தபோது ஹாரி பெலஃபான்டே நடிக்க மறுத்தார். சிட்னி பாய்ட்டியர் மனமில்லாமல் நடித்தார். 1967-ல் கறுப்பின எழுத்தாளர் ஹெரால்டு குரூஸ், இந்த நாடகத்தில் கறுப்பினக் கலைஞர்கள் இனி நடிக்கவே கூடாது என்று வாதிட்டார்.

கதை நடக்கும் சார்ல்ஸ்டன் நகரமே இந்த நாடகத்தைப் பார்க்க 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1954-ல் அங்கே மேடையேற்ற நடந்த முயற்சி, பார்வையாளர்களைப் பிரித்து உட்கார வைக்கும் சட்டச் சிக்கலால் கைவிடப்பட்டது.

புதுப்பித்தவர்கள் செய்தது என்ன?

ஒவ்வொரு புதுப்பிப்பும் இந்தச் சிக்கலை ஒவ்வொரு விதமாக எதிர்கொண்டது. 1942-ல் பாட்டாக இருந்த உரையாடல்களைப் பேச்சாக மாற்றிச் சுருக்கினார்கள், வசூல் கிடைத்தது. 1976-ல் ஹூஸ்டன் கிராண்ட் ஓபரா ஏறக்குறைய முழு இசையோடும் மேடையேற்றி, இது உயர்ந்த ஓபரா என்று நிலைநாட்டியது.

2012-ல் பிராட்வேயில் நடந்த மாற்றம் முக்கியமானது. நாடகத்துக்கான புலிட்சர் பரிசை வென்ற முதல் கறுப்பினப் பெண்ணான சூசன் லோரி பார்க்ஸிடம் உரையைத் திருத்தும் பொறுப்பு தரப்பட்டது. இசையைத் தழுவி அமைத்தவர் டீட்ரா மர்ரே என்ற கறுப்பினப் பெண். ஆட்டு வண்டி போய், போர்கி கைத்தடியோடு நடந்தான். பெஸ்ஸுக்குக் கூடுதல் ஆழம் தர முயன்றார்கள். நாடகம் மேடையேறும் முன்பே புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஸ்டீபன் சோண்டைம், செவ்வியல் படைப்பில் கை வைப்பதா என்று பத்திரிகைக்குக் காட்டமாகக் கடிதம் எழுதினார். ஆனால், சிறந்த புதுப்பிப்புக்கான டோனி விருதும், பெஸ்ஸாக நடித்த ஆட்ரா மெக்டொனால்டுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன.

2019-ல் மெட்ரோபாலிடன் ஓபரா தன் பருவத்தை இந்த நாடகத்தோடு தொடங்கியது. டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்து கூடுதல் காட்சிகள் சேர்க்கப்பட்டன. அதன் ஒலிப்பதிவு 2021-ல் கிராமி விருது பெற்றது. ஆனால், அந்த அரங்கின் நிரந்தரக் கோரஸ் குழுவில் போதுமான கறுப்பினப் பாடகர்கள் இல்லாததால், இந்த ஒரு நாடகத்துக்காகத் தனிக் கோரஸ் குழுவைத் திரட்ட வேண்டியிருந்தது. நாடகம் நடக்கும்வரை வேலை. முடிந்த பிறகு? புதுப்பிப்பின் வெற்றியைக் கைதட்டலை வைத்து அளக்கும்போது இந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது.

2031-க்குப் பிறகு

அமெரிக்கச் சட்டப்படி, 1935-ல் வெளியான படைப்புகளின் பதிப்புரிமை 95 ஆண்டுகளில் முடிகிறது. 2031 ஜனவரி 1 முதல் அங்கே யாரும் அனுமதி கேட்காமல் இந்த நாடகத்தை மேடையேற்றலாம். பிற நாடுகளில் கணக்கு வேறு. அனுமதி தேவையில்லை என்றால் நிபந்தனையும் இல்லை.

இதில் ஆபத்தும் உண்டு, வாய்ப்பும் உண்டு. கறுப்பினப் பாடகர்களைத் தவிர்த்துவிட்டு மேடையேற்ற யாராவது முன்வரலாம். அதே சமயம், பணமும் அனுமதியும் இல்லாததால் ஒதுங்கி நின்ற கறுப்பின நாடகக்காரர்கள் கதையைத் தங்கள் விருப்பப்படி திருப்பி எழுதலாம். கேட்ஃபிஷ் ரோவின் பெண்களை மையமாக வைக்கலாம், கல்லா மக்களின் பாட்டை அவர்கள் வாயாலேயே பாட வைக்கலாம். இத்தனை ஆண்டுகளும் நிபந்தனை பாதுகாத்தது வேடத்தை மட்டும்தான். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, வருமானம் ஆகியவற்றை அது பாதுகாக்கவில்லை. ஆகவே, நிபந்தனை போவதை எண்ணிக் கவலைப்படுவதைவிட, இந்த நான்கும் யார் கைக்குப் போகின்றன என்று கவனிப்பதே சரி என்பது நம் கருத்து.

புதுப்பிக்க வேண்டியது இது ஒன்றுதானா என்ற கேள்வியும் இருக்கிறது. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவரின் மகன் ஸ்காட் ஜோப்ளின். புகழ்பெற்ற கறுப்பின இசையமைப்பாளர். அவர் எழுதிய ஓபரா ‘ட்ரீமோனிஷா’. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட மக்களின் சிற்றூரில், கல்வி கற்ற ஓர் இளம்பெண், மந்திர தந்திரம் சொல்லி ஊரை ஏமாற்றுபவர்களை எதிர்த்து நிற்கிறாள். ஊர் மக்கள் அவளையே தலைவியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கறுப்பின மக்களைக் கறுப்பினத்தவர் ஒருவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

வெளியிட ஆள் கிடைக்காமல் 1911-ல் தன் சொந்தப் பணத்தில் அதை அச்சிட்டார் ஜோப்ளின். 1915-ல் ஹார்லெமில் காட்சியமைப்போ வாத்தியக் குழுவோ இல்லாமல், பியானோவை மட்டும் வைத்துப் பாடிக்காட்டினார். முதலீடு செய்ய யாரும் வரவில்லை. 1917-ல் இறந்துபோனார். முழு மேடையேற்றம் நடந்தது 1972-ல், அட்லாண்டாவில். 1975-ல் இதே ஹூஸ்டன் கிராண்ட் ஓபராவும் மேடையேற்றியது. 1976-ல் அவருக்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது, இறந்து 59 ஆண்டுகளுக்குப் பிறகு. கறுப்பின இசையமைப்பாளர் வில்லியம் கிராண்ட் ஸ்டில்லின் ‘ட்ரபுள்டு ஐலண்டு’ 1949-ல் நியூயார்க் சிட்டி ஓபராவில் மூன்றே காட்சிகளோடு நின்றது. மெட்ரோபாலிடன் ஓபராவில் ஒரு கறுப்பின இசையமைப்பாளரின் ஓபரா முதன்முறையாக மேடையேற 2021 வரை ஆனது. டெரன்ஸ் பிளான்சர்டு இசையமைத்த படைப்பு அது.

கறுப்பினத்தவரைப் பற்றி வெள்ளையர் எழுதிய நாடகம் தலைமுறைக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. கறுப்பினத்தவர் தாமே எழுதிய ‘ட்ரீமோனிஷா’ முழு மேடையேற்றத்துக்கே அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. ‘போர்கி அண்ட் பெஸ்’ஸை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. அதில் பாடியவர்களின் உழைப்பும் டாட் டங்கனின் போராட்டமும் அதற்குள் கலந்திருக்கின்றன. ஆனால், அடுத்த புதுப்பிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேசையில் ‘ட்ரீமோனிஷா’வையும் எடுத்துவைக்க வேண்டும். ஜோப்ளின் சொந்தக் காசில் அச்சிட்ட அந்தப் பிரதியைக் கையில் எடுக்க 2031 வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு இன்றைக்கே யாருடைய அனுமதியும் தேவையில்லை.