நிறுத்தி வைத்த காரும் பிறேக்கில் ஏறும் கறளும்



போன மாதம் குளிர்கால ரயர்களைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். "ஊருக்குப் போய் ஆறு கிழமை கழிச்சுத் திரும்பி வந்தனான். காரின்ர சில்லுக்குள்ள எட்டிப் பாத்தா எல்லாம் செம்மஞ்சளாக் கிடக்குது. ஓடலாமோ, ஓடக் கூடாதோ?" என்று கேட்டார். நேரம் முடிகிற தறுவாயில் இரண்டு வரியில் ஏதோ சொல்லிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இருக்கவில்லை. ஆகவே இந்த மாதத்தை முழுவதுமாக அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

நான் மெக்கானிக் அல்ல. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் நீண்ட காலம் இரும்போடு பழகியவன். அதைவிட முக்கியம், இந்த விஷயத்தில் ஒரு தடவை பெரிய பிழை விட்டவன். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

நான் விட்ட பிழை

2011ஆம் ஆண்டு. என் பெரியப்பாவுக்குக் கண் பார்வை குறைந்து, கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். அவருடைய பழைய கொறோலா ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் வெளித் தரிப்பிடத்தில் கார்த்திகை மாதத்திலிருந்து சித்திரை வரை அசையாமல் நின்றது. நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு காரை விற்பதை விட, புதிதாக வந்த உறவுக்காரருக்குக் கொடுப்பதே பெரும்பாலும் நடக்கும். அப்படி அந்தக் கார் என் அக்காவின் மகனுக்குப் போனது. அவனுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. இரண்டு பஸ் மாறி, விடிய வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைக்கு அந்தக் கார் பெரிய உதவி.

இரண்டாம் நாளே அவன் என்னிடம் சொன்னான்: "மாமா, பிறேக் பிடிக்கேக்க கரகரவெண்டு சத்தம் போடுது."

"அது கறள் தம்பி. நாலு நாள் ஓட, தானாத் தேஞ்சு போயிடும்" என்றேன் நான்.

நாலு நாள் போயிற்று. சத்தம் போகவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த கிழமை பாதசாரிக் கடவை ஒன்றில் சிவப்பு விளக்குக்குப் பிறேக் பிடித்தபோது கார் வலப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய், கடவைக்குள் பாதிக் காரை நுழைத்த பிறகே நின்றது. சாமான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த வயதான அம்மா ஒருவர் பின்னுக்குத் துள்ளி விலகினார். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இடது முன் சில்லைக் கழற்றிப் பார்த்தால், வெளிப்பக்கம் சுமாராக இருந்தது. உட்பக்கம் மரப்பட்டை போல உரிந்து கிடந்தது.

"கறள்தானே, போய்விடும்" என்று நான் சொன்னது முழுப் பொய்யல்ல. பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் எந்தக் கறள் போகும், எந்தக் கறள் போகாது என்று தெரியாமல் சொன்னேன். அந்த வித்தியாசத்தைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

எண்ணெய் பூச முடியாத இரும்பு

சில்லோடு சேர்ந்து சுற்றும் வட்டமான இரும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. கராஜில் அதை றோட்டர் என்பார்கள். நீங்கள் பிறேக்கை மிதிக்கும்போது, இரு பக்கமும் இருக்கும் பாட் என்ற இரண்டு கட்டைகள் அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கின்றன. அந்தக் கட்டைகளைத் தாங்கி நிற்கும் கவ்விக்குக் கலிப்பர் என்று பெயர். ஓடும் காரின் வேகம் முழுவதும் உராய்வில் வெப்பமாக மாறி, காற்றோடு போகிறது.

இந்தத் தட்டு பெரும்பாலும் வார்ப்பு இரும்பு. வெப்பத்தை நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் இரும்பு என்றால் கறள் வரும். காரின் மற்ற இரும்புக்குப் பெரும்பாலும் வர்ணமோ பூச்சோ இருக்கிறது. கட்டை உராயும் முகத்துக்கு வர்ணமோ எண்ணெயோ பூச முடியாது. பூசினால் பிறேக் பிடிக்காது.

ஊரில் நமக்கு ஒரு பழக்கம். உப்புக் காற்றில் சைக்கிளோ கதவுப் பிணைச்சலோ கறள் பிடித்தால், உடனே தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ பூசுவோம். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைக் கண்ட தலைமுறை நாங்கள். மொறிஸ் மைனருக்கு நாலு சில்லிலும் இருந்தது ட்ரம் பிறேக். கறள் பிடித்தாலும் மூடிக்குள்ளே மறைந்திருக்கும். இன்றைய காரில் அது கண்ணுக்கு முன்னே தெரிகிறது. தெரிந்தவுடன் நம் கை எண்ணெயைத் தேடும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இறுகிய ஆணி கழற்ற அடிக்கும் ஸ்பிறேயும் கூடாது. பனிக்காலத்துக்கு முன் காருக்குக் கீழே கறள் தடுப்பு எண்ணெய் அடிப்பிப்பவர்கள், பிறேக்கில் படாமல் அடிக்கும்படி சொல்லி வையுங்கள்.

ரொறன்ரோவின் உப்பு

இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் கறள். உப்புக் கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கிறது. ரொறன்ரோ மாநகரம் ஒரு பனிக்காலத்தில் சாதாரணமாக 100,000 தொன்னுக்கு மேல் உப்பை வீதியில் கொட்டுகிறது. ஒன்ராறியோவிலேயே, ஹுரோன் ஏரிக்கரையில் கோட்ரிச் என்ற ஊரில் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1866இல் எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்கு அங்கே உப்பு அகப்பட்டது. ஆனையிறவில் வெயில் உப்பை விளைவித்தது என்றால், இங்கே ஏரிக்கு அடியில் அரை கிலோமீற்றர் ஆழத்திலிருந்து வெட்டி எடுக்கிறார்கள்.

பலர் நினைப்பதற்கு மாறான ஒரு விஷயம்: உப்புச் சேற்றோடு வந்த காரைச் சூடான நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் விட்டால், வெளியே உறைகுளிரில் நிற்கும் காரை விட வேகமாகக் கறள் பிடிக்கும். குளிரில் அந்த இரசாயன மாற்றம் மெதுவாகவே நடக்கும். சூட்டில் பனி உருகி, உப்புத் தண்ணீர் இடுக்கெல்லாம் ஊறி, வேலை விரைவாகும். நிலக்கீழ்த் தரிப்பிடம் நல்லதுதான், ஆனால் கழுவிக் காய்ந்த காருக்கு.

மூன்று வகைக் கறள்

முதல் வகை, ஒரு இரவிலோ ஓரிரு நாளிலோ வருவது. மழைக்கோ கழுவிய பிறகோ மஞ்சள் தூள் தடவியது போல இருக்கும். புறப்பட்டு ஐந்தாறு தடவை பிறேக் பிடித்ததும் துடைத்தெறிந்தது போலப் போய்விடும். இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வகை, ஒன்றிரண்டு கிழமை ஈரத்தில் நின்றால் வருவது. பாட் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கார் நகரும்போது "டொக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பாட் இருந்த இடத்தில் அதன் வடிவத்திலேயே ஒரு அடையாளம் விழுந்து, கொஞ்ச நேரம் பிறேக் மிதி காலில் துடிக்கும். பெரும்பாலும் 15, 20 கி.மீ. ஓட்டத்தில் சரியாகும்.

மூன்றாம் வகை, மாதக் கணக்கில் நின்றால் வருவது. இது மேலே படிந்த தூள் அல்ல. இரும்பையே தின்று குழி விழுத்திவிடும். தட்டு அடுக்கடுக்காக உரியும். கலிப்பர் வழுக்கி ஓடும் ஊசிகளும் இறுகிவிடும். அப்போது ஒரு சில்லு பிடிக்கும், மற்றது பிடிக்காது. என் மருமகனின் கார் இழுத்தது அதனால்தான். இந்தக் கறள் ஓட ஓடப் போகாது.

பின் சில்லுகளை மறக்க வேண்டாம். பிறேக்கின் பெரும்பாலான வேலையை முன் சில்லுகளே செய்வதால், பின் தட்டு குறைவாகத்தான் துடைபடும். ஹைபிரிட், மின்சாரக் கார் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் கூடுதல். அந்தக் கார்கள் மோட்டாராலேயே வேகத்தைக் குறைத்து பற்றறிக்கு மின்சாரம் சேர்ப்பதால், பாட் தட்டில் படுவதே அரிது. தினமும் ஓடும் காரிலும் கறள் ஏறலாம்.

எப்படிப் பார்ப்பது?

ஒரு ரோச் லைற்றை எடுத்துச் சில்லின் இடைவெளியால் அடியுங்கள். தட்டின் நடுவிலுள்ள தொப்பி போன்ற பகுதியும் வெளி ஓரமும் கறளாக இருந்தால் அது சாதாரணம். அங்கே பாட் படுவதில்லை. பாட் உராயும் வளையம் எவர்சில்வர் தட்டுப் போல மினுங்க வேண்டும். இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகும் அந்த வளையத்தில் கபில நிறப் பட்டை இருந்தால், அந்த இடத்தில் பாட் படவில்லை என்று அர்த்தம். உட்பக்கம் இப்படித் தெரியாது. அதைச் சில்லைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

பயணம் போகுமுன்

காரைக் கழுவுங்கள். சில்லுகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் நன்றாகத் தண்ணீர் அடியுங்கள். கழுவியவுடன் கொண்டுவந்து நிறுத்தாமல், பத்து நிமிடம் ஓடி, பல தடவை பிறேக் பிடித்துச் சூடாக்கிக் காயவைத்து நிறுத்துங்கள். புல்லிலும் மண்ணிலும் நிறுத்தினால் நிலத்தின் ஈரம் ஏறும்.

சமதரையில் நீண்ட நாள் நிறுத்துவதானால் கைப்பிறேக்கை இழுக்காமல், கியரைப் பார்க்கில் போட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். இழுத்த நிலையிலேயே அது இறுகிப் போகலாம். சரிவில் நிறுத்தினால் கைப்பிறேக் கட்டாயம் வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் அது தானாகவே விழும். கையேட்டைப் பாருங்கள்.

"தம்பியை வந்து கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணச் சொன்னனான்" என்று பலர் சொல்வார்கள். நின்ற இடத்தில் இயந்திரம் ஓடினால் பிறேக் தட்டு சுத்தமாகாது. இருபது நிமிடமாவது வீதியில் ஓட வேண்டும். ஆனால் காசு மிச்சம் பிடிக்கக் காப்புறுதியில் வீதியில் ஓடும் பகுதியை நிறுத்தி வைத்திருந்தால், அந்தக் காரை யாரும் வீதியில் எடுக்கக் கூடாது. காப்புறுதி இல்லாமல் ஓடினால் ஒன்ராறியோவில் முதல் தடவைக்கே தண்டம் குறைந்தது 5,000 டொலர்.

திரும்பி வந்த பிறகு

முதலில் இயந்திரத்தை ஓடவிட்டு, பிறேக்கை மிதித்துப் பாருங்கள். மிதி உறுதியாக நிற்க வேண்டும். மெத்தென்று கீழே போனால் காரை அசைக்கவே வேண்டாம். பிறேக் எண்ணெய் போகும் குழாய்களும் இரும்புதான், அவையும் கறளில் ஓட்டை விழும். 2015இல் அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம், உப்புக் கொட்டும் மாநிலங்களில் 2007க்கும் அதற்கு முந்திய ஆண்டுகளுக்கும் உரிய வாகனங்களை வைத்திருப்போர் இந்தக் குழாய்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று எச்சரித்தது. கண்ணுக்குத் தெரியும் தட்டை விட, தெரியாத இந்தக் குழாய்தான் ஆபத்து.

மிதி உறுதியாக இருந்தால், மெதுவாக முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்துங்கள். ஒட்டியிருந்தால் விடுபடும். விடுபடாவிட்டால் அக்சிலேற்றரை அழுத்திப் போராடாதீர்கள், கராஜுக்குச் சொல்லுங்கள். நகர்ந்தால், வாகனம் குறைந்த வீதியில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 20க்குக் குறைப்பதை எட்டுப் பத்துத் தடவை, ஆறுவதற்கு இடைவெளி விட்டுச் செய்யுங்கள். 20 கி.மீ. ஓடிய பிறகும் கரகரப்பு இருந்தாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு சில்லு மட்டும் கடுமையாகச் சுட்டு எரிந்த மணம் வந்தாலோ அன்றைக்கே கராஜுக்குக் கொண்டு போங்கள்.

கராஜில் கேட்க வேண்டியது

எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. சில வருடங்களுக்கு முன், மூன்று நாள் மழையில் நின்ற, வாங்கி ஒரு வருடமேயான எங்கள் காரை எண்ணெய் மாற்றக் கொண்டு போன என் மனைவிக்கு, ஒருவர் அந்த மஞ்சள் தூளைக் காட்டி நாலு றோட்டரும் மாற்ற வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் நம்மில் பலர் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிடுவோம். அவர் என்னைக் கேட்டுவிட்டுச் சொல்வதாக வந்துவிட்டார். வீடு வந்து சேர முதலே தட்டுகள் மினுங்கின.

ஆகவே கேளுங்கள்: தட்டின் தடிப்பு இப்போது எத்தனை மில்லிமீற்றர்? அனுமதிக்கப்பட்ட குறைந்த அளவு எவ்வளவு? அந்த அளவு பெரும்பாலும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உட்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றுவதானால் ஒரே அச்சின் இரு பக்கமும், புதிய பாட்களோடு மாற்ற வேண்டும். கலிப்பர் ஊசிகளைச் சுத்தம் செய்து உரிய கிறீஸ் போடச் சொல்லுங்கள்.

ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். இறுதித் தொகை அதிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கலாம். புதிய பாகங்களுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. இதைக் கேட்பது சண்டை பிடிப்பது அல்ல, நமக்குச் சட்டம் தந்த உரிமை.

அந்த நேயருக்கு இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். ஆறு கிழமைக் கறள் இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் நடுவில் இருக்கும். மிதியைப் பாருங்கள், மெதுவாக ஓடிப் பாருங்கள், பிறகு வளையத்தைப் பாருங்கள். மினுங்கினால் சந்தோஷம். மினுங்காவிட்டால் உட்பக்கத்தைப் பார்ப்பியுங்கள்.

உங்கள் வீட்டுக் காரை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கும்போது, திறப்பைக் கையில் கொடுக்குமுன் நாலு சில்லையும் கழற்றிப் பார்ப்பித்துக் கொடுங்கள். அந்தச் செலவு பெரிதல்ல. என் மருமகனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவன் இன்றைக்கும் காரில் ஏறுமுன் ஒரு தடவை சில்லுக்குள் குனிந்து பார்க்கிறான். நானும் பார்க்கிறேன்.